பதினான்காவது நிபந்தனை

என் வீட்டுக்குக் குடிவருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒரு செர்ரி பை, பழம் அடைத்த அப்பம், சுட்டுக் கொடுப்பது என் வழக்கம். சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். ஆறிப்போனால் அடிப்பக்கம் நமுத்துவிடும். என் கணவர் வெர்லின் போனபிறகு இந்தப் பதினோரு வருஷத்தில் ஒன்பது பேருக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். ஓப்பல் ஸ்டக்கி நல்ல வீட்டுக்காரம்மா, கொஞ்சம் கண்டிப்பு, ஆனால் தங்கமானவள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது சரிதான்.

நான் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு மாதமாகவே எனக்கு இப்படித்தான் இருக்கிறது. சந்தையில் ராட்டினத்திலிருந்து இறங்கியதும் கால் தரையில் பாவாமல் ஒரு மிதப்பு இருக்குமே, அதுபோல. நேற்று சர்ச்சில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினாள்.

என் வீடு ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல் வீடு. நான்கு பகுதி. கீழே இடப்பக்கம் நான், மற்ற மூன்றும் வாடகைக்கு. என் ஒப்பந்தத்தில் இருபத்திரண்டு நிபந்தனைகள் உண்டு. பெரும்பாலும் குப்பைத்தொட்டி, பூனை, மாடிப்படி சம்பந்தப்பட்டவை. பதினான்காவது மட்டும்தான் ஊரில் பேச்சுக்கு ஆளானது. வாடகைப் பகுதிக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் மாடியில் குடியிருந்தவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது வெடித்து, குண்டு என் சமையலறைக் கூரையைத் துளைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் போய் நின்றது. நான் தோட்டத்தில் இருந்தேன். மனிதர் வெளுத்துப்போய் ஓடிவந்தார்.

"மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"வெண்ணெய்க்கு ஆயிடுச்சு" என்றேன்.

எங்கள் மாநிலச் சட்டப்படி தன் வீட்டுக்குள் துப்பாக்கி வரலாமா கூடாதா என்பது வீட்டுக்காரர் முடிவு. அன்று சாயங்காலமே அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டேன். ஆணிக்கடைக்காரர் ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார். "ஏன் ஓப்பல், நம்ம ஊர்ல போய் துப்பாக்கி வேணாம்னு சொல்றீங்களே? ஜனவரிக் குளிர்ல கோட்டு வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு." தாத்தா காலத்துத் துருப்பிடித்த துப்பாக்கியைச் சுவரில் அழகுக்கு மாட்டி வைக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்டார். நியாயம்தான் என்று பட்டது. அதனால் 'குண்டு போட்டுச் சுடத் தயாராக இருக்கும் நிலையில்' என்று ஐந்தாறு வார்த்தை சேர்த்தேன். யோசித்துப் பார்த்தால், இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே பிழை அந்த வார்த்தைகள்தான்.

ஒருவரும் அந்த நிபந்தனையை மீறவில்லை. வைத்திருந்தவர்கள் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள், காரில் பூட்டி வைத்தார்கள். குழந்தையோடு வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு வரிக்காகத்தான் இங்க வந்தேன்" என்றாள். கேட்க இனிமையாக இருந்தது. ஆனாலும் ஒருவருமே மீறாத நிபந்தனை காகிதத்தில் கிடந்து தூங்குகிறது. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

டெல்பர்ட் க்ரௌஸ் என்று ஒருவர் என் தலைக்கு மேலே குடிவந்தார். காகித ஆலையில் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு குதிகால் முதலில் பதிய நடப்பார். இரவு ஒன்பது மணிக்குமேல் பூட்ஸ் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது, அதை மதித்தார். காலை ஐந்து மணிக்குக் கூடாது என்று எழுதாமல் விட்டது என் தவறு. சொல்லிப் பார்த்தேன். "வேலைக்குப் போகணுமே மேடம், பறந்தா போக முடியும்?" என்றார். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருந்தது.

அந்த வாரம் அலமாரியைத் துடைக்கும்போது தொப்பிப் பெட்டிக்குள் வெர்லினின் ரிவால்வர் கிடைத்தது. கைப்பிடியின் அடியில் அவரே ஊசியால் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கீறி வைத்திருப்பார். வீட்டுக்காரி வைத்திருப்பதில் தவறில்லை. நிபந்தனை குடியிருப்பவர்களுக்குத்தானே. கையில் எடுத்தேன். யோசனை வந்தது. வந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது. தனியாக நின்று அவ்வளவு சிரித்தது வெர்லின் போனபிறகு அதுவே முதல் தடவை.

புகை அலாரம் சோதிக்க வருகிறேன் என்று முதல் நாளே கதவில் சீட்டு ஒட்டினேன். சட்டப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். மறுநாள் போனேன். க்ரௌஸை ஸ்டூல் எடுத்துவரச் சொல்லி உள்ளே அனுப்பினேன். ஏப்ரன் பையிலிருந்ததைச் சமையலறை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். அவர் வந்ததும், "பேட்டரி இருக்கா பார்க்கறேன்" என்று அதே இழுப்பறையைத் திறந்தேன்.

"இது என்ன மிஸ்டர் க்ரௌஸ்?"

அவர் எட்டிப் பார்த்தார். "என்னுது இல்ல மேடம். சத்தியமா."

"பின்ன பேட்டரி குட்டி போட்டுதா?"

அந்த இடத்தில் என் குரல் நடுங்கியது. கோபம் என்று அவர் நினைத்திருப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒருவரிடம் துப்பாக்கி இல்லை என்பதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். இருக்கிறது என்றால் கேள்வியே கிடையாது. ஐந்து நிமிஷத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என் தம்பி போன மாசம் வந்து தங்கினான்... அந்தக் கழுதைதான் விட்டுட்டுப் போயிருப்பான்" என்றார். போலீசைக் கூப்பிடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தால் போதும், இது என்னிடமே இருக்கட்டும் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் ரேடியோ போட்டு ஆடினேன்.

அடுத்தது ட்ரூடி பெக். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிற பெண். ஜன்னலில் காற்றுமணி கட்டியிருந்தாள். மூங்கில் மணி. காற்றடித்தால் யாரோ எலும்பை உருட்டுவதுபோல் சத்தம் வரும். அவள் விஷயத்தில் குளியலறைத் துண்டுகளுக்கு நடுவே வைத்தேன். பார்த்ததும் ட்ரூடி அழுதுவிட்டாள். தன் காதலன்தான் ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்து, அவனுக்குப் போன் போட்டு, என் எதிரிலேயே அந்த உறவை முடித்துக்கொண்டாள். "நீங்க பார்க்கலன்னா என் கதி என்ன ஆயிருக்கும் மிஸஸ் ஸ்டக்கி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் ஒரு பெண்ணைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இரண்டு தடவையும் ரிவால்வர் காலிதான். அதையும் அவர்கள் திறந்து பார்க்கவில்லை.

போன வசந்தத்தில் வால்டோ ஸ்ப்ரேக் மாடிக்குக் குடிவந்தார். அறுபத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர். ஒப்பந்தத்தை என் மேஜையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். இருபத்திரண்டையும். நடுநடுவே நிமிர்ந்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. செர்ரி பையை நின்றபடியே ஒரு துண்டு சாப்பிட்டார். என் வாசலில் காய்ந்துகிடந்த ஜெரேனியத்தைத் தொட்டிமாற்றி நட்டு, ஒரு மாதத்தில் பூக்க வைத்தார். சாயங்காலங்களில் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். நான் நீலத்தில் ஒரு கவுன் வாங்கினேன். தள்ளுபடியில் கிடைத்தது, வேறொன்றுமில்லை.

ஆகஸ்டில் அவர் நடீன் டிராக்ஸ்லரைக் கூட்டிவந்தார். நீங்கள் இப்போது உள்ளே வைத்திருக்கிறீர்களே, அதே நடீன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நல்ல பெண், நான் குறை சொல்லவில்லை. சிரித்தால் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். என்னைப் பார்த்த முதல் நாளே, "ஓ, நீங்கதான் அந்த இருபத்திரண்டு கட்டளை அம்மாவா? மோசேக்கே பத்துதான கிடைச்சுது" என்றாள். வால்டோ சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

விருந்தாளி தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று நிபந்தனை உண்டு. அந்தக் கணக்குக்கு ஒரு நாள் முன்னால் அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். வால்டோ படித்துவைத்திருக்கிறார் அல்லவா. ஆகவே செப்டம்பரில் புகை அலாரச் சீட்டு ஒட்டினேன்.

கூடத்தில் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் ஒரு நீளமான அலமாரி. அதன் இழுப்பறையில் வைத்தேன். திறந்தேன். கேட்டேன். வால்டோ பதறவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரிவால்வரை எடுத்து, உருளையைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து ஓட்டை வழியாகவும் ஜன்னல் தெரிந்தது.

"காலியா இருக்கு மிஸஸ் ஸ்டக்கி. குண்டு போட்டுச் சுடத் தயாரா இருக்கணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? வீட்டைச் சோதிச்சுக்குங்க, ஒரு குண்டு கிடைச்சாலும் நான் காலி பண்றேன். இது வெறும் பேப்பர் வெயிட்டு."

"பேப்பர் வெயிட்டாம்" என்று நடீன் சோபாவில் விழுந்து சிரித்தாள்.

வால்டோ கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். கீறல் எழுத்துகளைப் படித்தார். என்னைப் பார்த்தார். துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வாசல்வரை கூடவே வந்தார். தணிந்த குரலில் சொன்னார்:

"ஓப்பல், தனியா இருக்கறது கஷ்டம். எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை மதியம் எங்களோட சாப்பிட வாங்களேன். நடீன்கூடச் சொல்லிட்டிருந்தா."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். திட்டியிருந்தால் நான் கீழே வந்து ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு மறந்திருப்பேன். 'எங்களோட' என்றார்.

ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் என் நிபந்தனையில் ஓர் ஓட்டையைக் காட்டினார். எழுதியவள் நான். ஓட்டையை அடைக்க வேண்டியது என் பொறுப்பு. நிபந்தனைக்குக் குண்டு வேண்டுமென்றால் குண்டு இருக்கட்டும். வெர்லினின் பெட்டி கார் கொட்டகையில் இருந்தது. ஒரு குண்டே போதும், எனக்குத் தெரியும். ஆனால் நான்கு ஓட்டையைக் காலியாக விட்டால் வேலை அரைகுறையாகத் தெரிந்தது. ஐந்தையும் போட்டேன். அப்போது எனக்கு எவ்வளவு உற்சாகம் தெரியுமா. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையின் நாற்காலியில் பசை தடவிவிட்டு மணி அடிக்கக் காத்திருக்கிற பெண்பிள்ளை மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை காலை வால்டோ தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கணப்பைப் பார்க்க வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தேன். "போங்க, திறந்துதான் இருக்கு" என்று ஜன்னல் பக்கமாகக் கையாட்டினார். அதே அலமாரி. இந்தத் தடவை சாப்பாட்டு மேஜைக்கான துணிக் கைக்குட்டைகள் இருக்கும் இழுப்பறை.

என் திட்டம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவே நானே எழுந்து இழுப்பறையைத் திறப்பேன். வால்டோவையே உருளையைத் திறந்து பார்க்கச் சொல்வேன். ஐந்து குண்டு. நடீன் சாட்சி. நிபந்தனை முறைப்படி மீறப்பட்டிருக்கும். திங்கட்கிழமை அவர் பெட்டி கட்டுவார்.

நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு மசியல், பட்டாணி. நடீன் எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. பேருந்தில் ஒரு பையன் தன் ஆமையைத் தொலைத்த கதையைச் சொன்னாள். ஆமை அவளுடைய மதிய உணவுப் பைக்குள் உட்கார்ந்து பாதி சாண்ட்விச்சைத் தின்றிருந்ததாம். மூன்று பேரும் சிரித்தோம். உண்மையில் அது நல்ல மதியம். பிறகு வால்டோ மடியில் குழம்பைச் சிந்தினார்.

"உட்காரு உட்காரு, நான் எடுக்கறேன்" என்று நடீன் எழுந்தாள். கைக்குட்டை எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். நான் முந்திக்கொள்ள நினைப்பதற்குள் அவள் முந்திவிட்டாள்.

"அட, நம்ம பேப்பர் வெயிட்டு திரும்ப வந்திருக்கு."

வால்டோ என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பரவாயில்ல ஓப்பல்" என்றார். "சாப்பிடுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

நடீன் விடுவதாக இல்லை. ஒரு கைக்குட்டையை மூக்கை மறைத்துக் கட்டிக்கொண்டு வங்கிக் கொள்ளைக்காரி ஆகிவிட்டாள். ரிவால்வரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "கையைத் தூக்கு வால்டோ. அந்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தை இப்படித் தள்ளு."

அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையில் கரண்டி. "இறைச்சியை எடுத்துக்கோ தாயே, உருளைக்கிழங்கை மட்டும் விட்டுடு" என்றார்.

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குண்டு இருப்பதைச் சொல்ல நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. நான் கைப்பையைத் திறந்து கண்ணைத் துடைத்து மறுபடி மூடும் அளவுக்கு இருந்தது. சொல்லவில்லை. அவ்வளவு கலகலப்பை நடுவில் கெடுப்பது மரியாதையாகப் படவில்லை.

சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. வால்டோ நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். கரண்டி உருண்டு என் காலடிக்கு வந்தது. நடீன் "காலிதான, காலிதான" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உங்கள் ஆட்கள் வந்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் கட்டிய துணியை அவிழ்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

இருபத்தொன்பது நாளாக அவள் உள்ளே இருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவும் மாட்டேன், போன வியாழக்கிழமைச் செய்தித்தாளைப் பார்க்காமல் இருந்தால். 'வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் குடியிருந்தவர் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கி' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குத் தெரியாமலா? என் வீட்டிலா? வால்டோ ஒரு நிபந்தனையைக்கூட மீறியவரல்ல. க்ரௌஸ் மீறவில்லை, ட்ரூடி மீறவில்லை. இறந்தவர்மேல் பொய்ப்பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நானில்லை. அதனால்தான் காலையில் தலைவாரி, பஸ் பிடித்து, நானாகவே வந்தேன். நடீனுக்கும் இது உபயோகப்பட்டால் சந்தோஷம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சுடுவதற்கு முன் நடீன் ஏதாவது கேட்டாளா என்று அன்றே இரண்டு தடவை கேட்டீர்கள். நினைவில்லை என்றேன். நினைவிருக்கிறது. அவளுக்குத்தான் நினைவில்லை போலிருக்கிறது, பாவம், அந்த நிமிஷமே அவள் மண்டையிலிருந்து அழிந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "வீட்டுக்காரம்மா சொல்லட்டும்" என்றாள். "இவனைச் சுட்டுடவா, வேணாமா?"

வால்டோவும் கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முகமெல்லாம் சிரிப்போடு காத்திருந்தார். அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சுடு நடீன்" என்றேன். "காலிதான், நான் பார்த்துட்டேன்."